ஸ்காட்லாந்தின் தேசியக் கலைக்கூடங்களில் பெண் கலைஞர்களின் படைப்புகளைத் தேடிப் பார்ப்பது எப்படி

எடின்பரோ நகரின் நடுவே, பழைய நகருக்கும் புதிய நகருக்கும் இடைப்பட்ட மேட்டில் நிற்கும் ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. அதனால் அங்கே வருவோரில் பலர் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பனியில் சறுக்கும் பாதிரியாரை ரேபர்ன் வரைந்த உருவப்படத்தையும், கொம்பு விரித்து நிற்கும் கலைமானை லேண்ட்சியர் வரைந்த பெரிய ஓவியத்தையும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். இரண்டும் பார்க்க வேண்டிய படங்களே. ஆனால் அதே தொகுப்பில் இருக்கும் பெண் கலைஞர்களின் படைப்புகள் இப்படிப் போகிற போக்கில் கண்ணில் படுவதில்லை. அவை நான்கு கட்டடங்களில் சிதறிக் கிடக்கின்றன. நூலாலும் காகிதத்தாலும் ஆன படைப்புகள் வெளிச்சத்துக்கு அஞ்சி நெடுங்காலம் சேமிப்பறையில் வைக்கப்படுகின்றன. போதாக்குறைக்கு, ஒரே கலைஞர் திருமணத்துக்கு முன் ஒரு பெயரிலும் பின் ஒரு பெயரிலும் பதிவாகியிருப்பதும் உண்டு. எனவே இவற்றைப் பார்க்க விரும்புவோருக்கு ஆர்வத்தோடு ஒரு முறையும் தேவைப்படுகிறது. அந்த முறையைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். "பெண்களின் ஓவியம்" என்று தனியாக ஒரு பாணி கிடையாது. கடல் அலையை ஹார்ட்போர்டு என்ற கெட்டிப் பலகையில் அறைந்தாற்போல் தீட்டியவரும், பட்டு நூலால் ஏழெட்டு ஆண்டுகள் தைத்தவரும், பனிப்பாறையின் உள்ளொளியை வெறும் வடிவங்களாக மாற்றியவரும் ஒரே வகையினர் அல்லர். அவர்களுக்குப் பொதுவாக இருந்தவை வெளியிலிருந்து வந்த விதிகள்: எந்த வகுப்பில் சேரலாம், எந்தச் சங்கத்தில் உறுப்பினராகலாம், மணமான பிறகு வேலையில் நீடிக்கலாமா என்பவை. அந்த விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், படைப்பின் அளவு, அதன் பொருள், அதன் ஆண்டு ஆகிய சிறு விவரங்களும் பேசத் தொடங்கும்.

எந்தக் கட்டடத்தில் எது

மேட்டின் மேல் உள்ள கட்டடம் வில்லியம் பிளேஃபேர் வடிவமைத்தது, 1859-இல் திறக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 30 அன்று இதற்குள் ஸ்காட்லாந்து ஓவியங்களுக்கென்று புதிய அறைகள் திறக்கப்பட்டன. முன்பு கீழ்த்தளத்தில் ஒதுக்குப்புறமாக, பலர் கண்டுபிடிக்காமலே போய்விடும் இடத்தில் இருந்த ஸ்காட்லாந்துத் தொகுப்பு, இப்போது பிரின்சஸ் தெருப் பூங்காவைப் பார்த்த சன்னல்களோடு வெளிச்சமாக இருக்கிறது. ஏறத்தாழ 1800 முதல் 1945 வரையிலான படைப்புகளுக்கு இங்கே வர வேண்டும். குயின் தெருவில் இருக்கும் உருவப்படக் கலைக்கூடம் 1889-இல் திறக்கப்பட்ட செந்நிறக் கற்கட்டடம். அங்கே வரையப்பட்டவர் யார் என்பதே முதன்மை என்பதால், வரைந்தவர் யார் என்ற கேள்வியை நாம்தான் கையோடு கொண்டு செல்ல வேண்டும். நகரின் மேற்கே பெல்ஃபோர்டு சாலையின் இருபுறமும் இருக்கும் மாடர்ன் ஒன், மாடர்ன் டூ ஆகிய இரண்டும் இருபதாம் நூற்றாண்டுக்கும் இன்றைய கலைக்கும் உரியவை.

நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிடத் திட்டமிடாதீர்கள். கால்கள் தாங்கினாலும் கண் தாங்காது. முதல் நாள் மேட்டுக் கட்டடமும் உருவப்படக் கலைக்கூடமும், மறுநாள் பெல்ஃபோர்டு சாலை என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், மேட்டுக் கட்டடத்தில் இரண்டு மணி நேரம் செலவிட்டுவிட்டு, மீதிப் பொழுதை மாடர்ன் ஒன்னுக்குக் கொடுப்பேன்.

புறப்படும் முன் பெயர்களைத் தேடுதல்

தேசியக் கலைக்கூடங்களின் இணையதளத்தில் தொகுப்பு முழுவதையும் கலைஞர் பெயரால் தேடலாம். ஒவ்வொரு படைப்பின் பக்கத்திலும் அது இப்போது காட்சியில் உள்ளதா என்பதைப் பாருங்கள். சுவரில் தொங்குவது எப்போதுமே தொகுப்பின் சிறு பகுதிதான். விரும்பிய படம் கடன் கொடுக்கப்பட்டு வேறு ஊரில் இருக்கவும் கூடும். இதைப் பார்க்காமல் போய் ஏமாறுவது எளிது.

தேடும்போது பெயர் மாற்றத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும். மார்கரெட் மக்டொனால்ட் என்று தேடினால் கிடைக்காமல் போகக்கூடியவர், கணவர் சார்ல்ஸ் ரென்னி மக்கின்டாஷின் குடும்பப் பெயரைச் சேர்த்துத் தேடினால் கிடைப்பார். அவருடைய தங்கை ஃபிரான்சிஸ், மக்டொனால்ட் என்ற பெயரோடும் மக்நேர் என்ற பெயரோடும் இருக்கக்கூடும். எடின்பரோவில் பிறந்த மேபல் பிரைட், வில்லியம் நிக்கல்சனை மணந்து, பென் நிக்கல்சனுக்குத் தாயானவர். 1918-இல் இன்ஃபுளுவென்சாக் காய்ச்சலில் இறந்தார். வீட்டு அறைகளில் தம் பிள்ளைகளை நிறுத்தி வைத்து அவர் வரைந்த இருண்ட, அமைதியான படங்களை, ஓவியரின் மனைவி, ஓவியரின் தாய் என்ற அடைமொழிகளின் பின்னால் போய்த்தான் பல ஆண்டுகள் தேட வேண்டியிருந்தது. ஆகவே கையில் ஒரு தாளில் பெயர்களை இரு வடிவிலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

யாரைத் தேடுவது என்பதே தெரியாதவர்களுக்கு ஒரு நல்ல வழி, 2015 நவம்பரிலிருந்து 2016 ஜூன் வரை மாடர்ன் டூவில் நடந்த ஒரு கண்காட்சியின் பெயர்ப் பட்டியலிலிருந்து தொடங்குவது. 1885 முதல் 1965 வரையிலான ஸ்காட்லாந்துப் பெண் ஓவியர்களையும் சிற்பிகளையும் பற்றிய கண்காட்சி அது. 45 கலைஞர்கள் இடம்பெற்றார்கள். அந்த இரண்டு ஆண்டுகளுமே காரணத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டவை. 1885-இல் ஃபிரா நியூபெரி கிளாஸ்கோ கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்பேற்றார். அவருடைய காலத்தில் அங்கே பெண்கள் மாணவிகளாகவும் ஆசிரியைகளாகவும் முன்னே வந்தார்கள். 1965 ஆன் ரெட்பாத் இறந்த ஆண்டு. இந்த எண்பது ஆண்டுகளை ஒரு சட்டகமாக மனத்தில் வைத்துக்கொண்டால், முன்னும் பின்னும் வருபவர்களைப் பொருத்திப் பார்ப்பது எளிதாகும்.

முன்னே வருபவர்களில் ஒருவரை இங்கேயே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய வாழ்க்கையின் கடைசிப் பக்கம் சென்னையோடு சேர்ந்தது. கேத்தரின் ரீட் 1723-இல் டண்டீயில் பிறந்தவர். பாரிஸிலும் ரோமிலும் பயின்ற அவர், பெண் என்பதால் ஆடையற்ற உருவத்தைப் பார்த்து வரையும் வகுப்புகளில் இடம் பெற முடியாமல், பிறருடைய ஓவியங்களைப் படியெடுத்தே கையைப் பழக்கினார்; பின்னர் லண்டனில் பேஸ்டல் எனும் வண்ணக்கட்டியால் வரைந்த உருவப்படங்களுக்குப் புகழ்பெற்றார். 1777-இல், தாமும் வரையத் தெரிந்த தம் உறவுப் பெண் ஹெலனா பீட்சனோடு மதராசுக்குக் கப்பலேறினார். ஹெலனா அங்கே மணந்த சார்ல்ஸ் ஓக்லி பிற்காலத்தில் மதராஸ் ஆளுநரானார். ரீட் 1778-இல் ஊர் திரும்பும் வழியில் கடலிலேயே இறந்துபோனார். உடலைப் பார்த்து வரையும் பயிற்சி கிடைக்காதவர்கள் முகத்திலும் துணியிலும் தங்கள் திறமையைக் குவித்தார்கள் என்பதை ரீட்டின் வழி அறிந்துகொண்டு உள்ளே போனால், உருவப்படங்கள் ஏன் இத்தனை என்று வியக்க வேண்டியிராது.

விவர அட்டையைக் கீழிருந்து மேலாக வாசித்தல்

படத்தின் அருகே இருக்கும் சிறு அட்டையில் பெயரையும் தலைப்பையும் மட்டும் வாசித்துவிட்டு நகர்வது பொது வழக்கம். இந்தத் தொகுப்பில் அதைக் கடைசி வரியிலிருந்து தொடங்குங்கள். அங்கேதான் படைப்பு எப்படி வந்தது என்பது இருக்கும்: வாங்கப்பட்டதா, கலைஞரே உயில் எழுதி வைத்தாரா, குடும்பத்தார் கொடுத்தார்களா, எந்த ஆண்டில் என்று. வரைந்த ஆண்டுக்கும் சேர்ந்த ஆண்டுக்கும் இடையே எத்தனை ஆண்டு என்று கணக்கிடுங்கள். ஒரு படம் அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்துத்தான் பொதுத் தொகுப்புக்குள் வந்தது என்றால், அதுவரை அது ஒரு வீட்டுச் சுவரில், ஒரு குடும்பத்தின் அன்பை நம்பியே பிழைத்திருந்தது என்று பொருள்.

அதற்கு மேல் வரியில் பொருள் இருக்கும்: எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், பட்டு நூல், வெண்கலம். இதைப் பார்த்ததும் படைப்பு எவ்வளவு நாள் காட்சியில் இருக்க முடியும் என்பதை ஊகிக்கலாம். நீர்வண்ணமும் நூலும் வெளிச்சத்தில் நிறம் மங்கும். இதே கலைக்கூடத்தில், 1900-இல் ஹென்றி வாகன் உயில் எழுதி வைத்த, ஆங்கில ஓவியர் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்கள், இந்தக் காரணத்துக்காகவே ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் மட்டும் காட்டப்படும் வழக்கம் தொடர்கிறது. டர்னருக்குப் பொருந்தும் இயற்கை விதி மார்கரெட் மக்டொனால்ட் மக்கின்டாஷுக்கும் பொருந்தும். நீர்வண்ணத்திலும் நூலிலும் உலோகத் தகட்டிலும் வேலை செய்த பெண்கள் பலர் என்பதால், அவர்கள் சுவரில் குறைவாகத் தென்படுவதற்கு ஒரு பகுதிக் காரணம் இதுவே. முழுக் காரணம் இது என்று மட்டும் யாரும் சமாதானம் அடைய வேண்டாம்.

டிராக்வேரின் நான்கு திரைகளுக்கு முன்

மேட்டுக் கட்டடத்தில் ஒரே ஒரு படைப்பின் முன்தான் நிற்க நேரம் இருக்கிறது என்றால், ஃபீபி ஆனா டிராக்வேரின் "ஆன்மாவின் பயணம்" என்ற நான்கு பூத்தையல் திரைகளுக்கு முன் நில்லுங்கள். டப்ளினில் 1852-இல் பிறந்த டிராக்வேர், தொல்லுயிர் ஆய்வாளரான கணவரோடு எடின்பரோவுக்கு வந்து, 1936-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர். 1890-களின் நடுவே தொடங்கி 1902 வரை பட்டு நூலாலும் பொன் இழையாலும் அவர் தைத்த இந்தத் திரைகள் ஆள் உயரத்துக்கு நிற்பவை. இவற்றை அவரே கலைக்கூடத்துக்கு உயில் எழுதி வைத்தார்.

இடமிருந்து வலமாக, வரிசை தவறாமல் பாருங்கள். முதல் திரையில் சிறுத்தைத் தோல் போர்த்த இளைஞன் யாழ் மீட்டி நிற்கிறான். கொடியும் கனியும் பறவையுமாக உலகம் முழுவதும் அவனுக்கு இசைவாக இருக்கிறது. இரண்டாவதில் அந்த இசைவு குலைகிறது; ஓர் உயிர் இன்னோர் உயிரைக் கொல்லும் உலகம் கண்ணில் படுகிறது. மூன்றாவதில் நரம்புகள் அறுந்து, உடல் துவண்டு தொங்குகிறது. நான்காவதில் சிவந்த சிறகுடைய தேவதூதர் அவனை முத்தமிட்டு எழுப்புகிறார். கதையை ஒருமுறை இப்படிப் பின்தொடர்ந்த பிறகு, எவ்வளவு அருகில் போக அனுமதி உண்டோ அவ்வளவு அருகில் போய், தையலின் திசையை மட்டும் பாருங்கள். தோலின் வளைவுக்கு ஒரு திசை, இலையின் நரம்புக்கு வேறொரு திசை என்று நூல் ஓடுவதும், அந்தத் திசை மாறும் இடத்தில் வெளிச்சம் வேறுவிதமாக விழுவதும் தெரியும். தூரிகையில் ஒரு நொடியில் முடியும் வளைவை இங்கே நூற்றுக்கணக்கான தையல்கள் சேர்ந்து உண்டாக்குகின்றன. எண்ணெய் ஓவியத்துக்குக் கொஞ்சமும் குறையாத வடிவமைப்பு வலிமை இதில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கைவினை என்று தனி அடுக்கில் வைத்து இதைச் சிறுமைப்படுத்திய காலம் தவறிழைத்தது.

அருகிலேயே நிற்கும் ஸ்காட்லாந்து அரச கலைக்கழகம் 1900-இல் டிராக்வேரை ஏற்க மறுத்தது. 1920-இல்தான் கௌரவ உறுப்பினராக ஏற்றது. அப்போது அவருக்கு வயது 68. அந்தக் கழகத்தில் முழு உறுப்பினரான முதல் பெண், விலங்குச் சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற ஃபில்லிஸ் போன்; அது நடந்தது 1944-இல். கழகம் தொடங்கியதோ 1826-இல்.

திரைகளைப் பார்த்து முடித்ததும் புதிய அறைகளின் சன்னல் வழியே பூங்காவையும் கவனியுங்கள். ஸ்காட் நினைவுக் கோபுரத்தின் அருகே நிற்கும் டேவிட் லிவிங்ஸ்டனின் வெண்கலச் சிலையைச் செய்தவர் அமீலியா ஹில் என்ற பெண் சிற்பி. 1870-களில், நகரின் மிக நடுவான இடத்தில், ஒரு சிலைக்கான பணியை ஒரு பெண் பெற்றது சாதாரணச் செய்தி அல்ல. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். நீங்கள் வெளியே வந்ததும் அதனருகே போய்ப் பார்த்துவிட்டே மேலே நடங்கள்.

இரண்டு ஓவியர்கள், இரண்டு சுவர்கள்

அடுத்து, ஒன்றையொன்று விளக்கும் இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன். ஒன்று தேசியத் தொகுப்பில், உருவப்படக் கலைக்கூடத்துக்கு உரியது. மற்றொன்று வேவர்லி ரயில் நிலையத்தை அடுத்த மார்க்கெட் தெருவில் உள்ள நகரக் கலை மையத்தின் தொகுப்பைச் சேர்ந்தது. அதுவும் பொதுக் கலைக்கூடமே. இரண்டும் எப்போதும் காட்சியில் இருப்பவை அல்ல என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, சிசில் வால்டன் 1920-இல் வரைந்த "ரொமான்ஸ்". பிரசவம் முடிந்து படுக்கையில் இருக்கும் ஓவியர், அரை ஆடையோடு, பிறந்த மகனைக் கைகளில் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்க்கிறார். மூத்த மகன் அருகே நின்று பார்க்கிறான். தாதி பாதங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். மேனாட்டு ஓவிய மரபில் படுக்கையில் சாய்ந்த பெண்ணுடல் என்பது பார்ப்பவனுக்காகப் படைக்கப்பட்டது. இங்கே அந்தப் பெண் நம்மைப் பார்க்கவே இல்லை. குழந்தையைப் பார்க்கும் அந்தப் பார்வையிலும் கனிவைவிட ஆராய்ச்சி மிகுதியாக இருக்கிறது. இது யார், இனி என்ன என்று கேட்கும் பார்வை. இப்படம் முன் நிற்கும்போது கண்களின் திசைகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து பாருங்கள். படத்தில் இருக்கும் எவர் கண்ணும் நமக்காகத் திரும்பாததை உணர்ந்ததும் படம் முற்றிலும் மாறிவிடும்.

இரண்டாவது, டோரதி ஜான்ஸ்டன் 1923-இல் வரைந்த, உருவம் வரையும் வகுப்பின் ஓய்வுநேரக் காட்சி. மாடலாக இருப்பவர் இளைப்பாறுகிறார். மாணவிகள் ஒருவர் வரைந்ததை மற்றவர் பார்த்துப் பேசுகிறார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக முன்பு கேத்தரின் ரீட்டுக்கு மூடப்பட்டிருந்த அறை, இங்கே பெண்களால் நிறைந்து, ஒரு பெண்ணால் கற்பிக்கப்பட்டு, அவராலேயே வரையப்படுகிறது. ஆனால் மறு ஆண்டே, 1924-இல், ஜான்ஸ்டன் சக ஓவியர் ஒருவரை மணந்ததும் எடின்பரோ கலைக்கல்லூரியின் ஆசிரியப் பணியை விட வேண்டியதாயிற்று. மணமான பெண் ஆசிரியப் பணியில் நீடிக்கக் கூடாது என்ற விதி 1945 வரை நடைமுறையில் இருந்தது. அவர் கணவருக்கு அப்படி எந்த விதியும் இல்லை. அவர் பிறகு அபர்தீன் கலைப்பள்ளியின் தலைவரானார். இதை அறிந்த பிறகு இவர்களின் படைப்புப் பட்டியலை ஆண்டுவாரியாகப் பாருங்கள். எந்த இடத்தில் எண்ணிக்கை மெலிகிறது என்பது உங்களுக்கே தெரியும். திறமை வற்றியதால் ஏற்பட்ட மெலிவு அல்ல அது.

பெல்ஃபோர்டு சாலையில் எர்ட்லியும் ரெட்பாத்தும்

மாடர்ன் ஒன்னுக்குப் போகும்போது, முடிந்தால் லீத் ஆற்றங்கரை நடைபாதை வழியே நடந்து போங்கள். உள்ளே நுழைந்ததும் ஜோன் எர்ட்லியின் எந்தப் படம் காட்சியில் இருக்கிறது என்று கேளுங்கள். தொகுப்பில் அவர் படைப்புகள் ஏராளமாக இருப்பதால் ஒன்றாவது சுவரில் இருக்க வாய்ப்பு மிகுதி. 1921-இல் இங்கிலாந்தின் சசெக்ஸில் பிறந்து, 1940-இல் கிளாஸ்கோவுக்கு வந்து, அங்கே டவுன்ஹெட் பகுதியின் தெருக் குழந்தைகளையும், வடகிழக்குக் கரையின் சிறு மீனவக் கிராமமான கேட்டர்லைனையும் வரைந்து, 1963-இல் 42-ஆம் வயதில் புற்றுநோயால் இறந்தவர் எர்ட்லி. ஸ்காட்லாந்தில் இன்றும் அவரைப் போல் நேசிக்கப்படும் ஓவியர் அரிது.

அவருடைய கடல் ஓவியங்களை முதலில் தொலைவிலிருந்து பாருங்கள். 1961-இல் வரைந்த "அலை" என்ற படத்தில் சாம்பல் வானமும் வெண்ணிறச் சுவர் போல் எழும் நீரும்தான் இருக்கின்றன. அடுத்துப் பக்கவாட்டில் போய், சாய்ந்து விழும் வெளிச்சத்தில் படத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். வண்ணத்தோடு மணலும் பரலும் கலந்திருப்பது அப்போதுதான் தெரியும். வயல்களை வரைந்த படங்களில் புல்லும் விதையும்கூட வண்ணத்துக்குள் ஒட்டியிருக்கின்றன. புயல் அடிக்கும்போது கரையிலேயே நின்று, காற்றில் பறந்துவிடாதபடி ஓவியத் தாங்கியைக் கட்டி நிறுத்தி வரைந்தவர் என்பதால், அந்த நிலமே படத்துக்குள் வந்திருக்கிறது. அவர் கித்தானைவிட ஹார்ட்போர்டைப் பெரிதும் பயன்படுத்தியதற்கும் காரணம் உண்டு: அந்தக் காற்றுக்கும் அந்தக் கனமான வண்ணத்துக்கும் கெட்டியான பலகைதான் தாங்கும்.

"குளிர்காலத்தில் கேட்டர்லைன்" என்ற படத்தில், சரிவின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வீட்டு வரிசையைப் பார்க்கும்போது, அழுக்கான பனியின் நிறங்களைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி எண்ணிப் பாருங்கள்: பழுப்பு, மஞ்சள் கலந்த வெள்ளை, ஈயச் சாம்பல். வெள்ளை என்று நாம் நினைத்ததில் தூய வெள்ளை மிகக் குறைவு. குழந்தைகளின் படங்களில் பின்னணிச் சுவரைக் கவனியுங்கள். சுவரில் சாக்கட்டியால் கிறுக்கிய எழுத்துகளும் கடைப் பலகையின் துண்டுகளும் குழந்தையின் முகத்துக்குச் சமமான கவனத்தோடு வரையப்பட்டிருக்கும். இந்தப் படங்களை இரக்கத்தோடு பார்ப்பது எளிது. ஆனால் எர்ட்லி இரக்கத்துக்காக வரையவில்லை என்றே நினைக்கிறேன். அந்தக் குழந்தைகளின் துடிப்பும் அவர்கள் ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கும் விதமும்தான் அவரை இழுத்தன. 1955-இல் அவர் வரைந்த, உறங்கும் ஆடையற்ற ஆணின் ஓவியமும் இந்தத் தொகுப்பில் இருக்கிறது. ஒரு பெண் அப்படி வரைந்தார் என்பதற்காகவே அன்று அது சர்ச்சையானது. படத்தில் இருப்பதோ மெலிந்த, களைத்த ஓர் உடல் மட்டுமே.

ஆன் ரெட்பாத்தை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். அவர் 1895-இல் காலஷீல்ஸில் பிறந்தார்; அவருடைய தந்தை டுவீடு எனும் கம்பளித் துணியின் வடிவமைப்பாளர். சாம்பல் நிறங்களின் நடுவே ஒரு சிவப்பையோ மஞ்சளையோ வைப்பதில் தாம் செய்வது, தந்தை துணியில் செய்ததுதான் என்று ரெட்பாத்தே சொல்லியிருக்கிறார். 1940-களின் தொடக்கத்தில் வரைந்த "இந்தியக் கம்பளம்" என்ற படத்தின் முன் நின்று இதைச் சோதிக்கலாம். ஒரு நாற்காலி, ஒரு கம்பளம், ஒரு சோடிச் சிவப்புச் செருப்பு. தரை நம்மை நோக்கிச் சரிந்து, ஏறக்குறைய சுவர்போல் எழுந்து நிற்கிறது. செருப்பின் சிவப்பை விரலால் மறைப்பதுபோல் கற்பனை செய்து, மீண்டும் திறந்து பாருங்கள். படம் முழுவதையும் அந்தச் சிவப்பு எப்படி இழுத்துக் கட்டுகிறது என்பது விளங்கும். மூன்று பிள்ளைகளை வளர்த்த பல ஆண்டுகள் பிரான்சில் அவர் குறைவாகவே வரைந்தார்; 1934-இல் ஸ்காட்லாந்து திரும்பிய பிறகே முழுவீச்சில் இறங்கினார். 1952-இல் அரச கலைக்கழகத்தின் முழு உறுப்பினரான முதல் பெண் ஓவியர் அவரே.

நேரம் இருந்தால் வில்லெல்மினா பார்ன்ஸ்-கிரஹாமையும் தேடுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்து கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் வாழ்ந்த அவர், 1949-இல் சுவிட்சர்லாந்தின் கிரிண்டல்வால்டு பனிப்பாறையில் ஏறியபின் பல ஆண்டுகள் அந்த ஒளி ஊடுருவும் வடிவங்களையே வரைந்தார். எலிசபெத் பிளாக்கடரும் ஆலிசன் வாட்டும் இன்னும் அண்மைக் காலத்தவர்கள். வாட்டின் மடிந்த வெள்ளைத் துணிகளைப் பார்க்கும்போது உடல் எங்கே இருந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டு பாருங்கள்.

சுவர்களுக்கு வெளியே

மாடர்ன் டூவை ஒட்டியே டீன் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒளிப்பட முன்னோடியான டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லின் கல்லறையில் இருக்கும் அவருடைய மார்பளவுச் சிலை, பூங்காவில் நாம் பார்த்த அதே அமீலியா ஹில் தம் கணவருக்காகச் செய்தது. டிராக்வேரின் சுவரோவியங்களைப் பார்க்க விரும்பினால் நகரின் வடக்கே மேன்ஸ்ஃபீல்டு பிளேஸில் உள்ள பழைய தேவாலயத்துக்கும், செயின்ட் மேரி பேராலயத்தின் பாடற்பள்ளிக்கும் போக வேண்டும். இரண்டுமே குறிப்பிட்ட நாட்களில்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்படும் என்பதால் பயணத் தேதியை அதற்கேற்ப அமைத்துக்கொள்வது உத்தமம். திரைகளைப் பார்த்தவர்களுக்கு, அதே கை முழுக் கட்டடத்தின் சுவர்களை நிரப்பியிருப்பதைப் பார்க்கும்போதுதான் அவருடைய உழைப்பின் அளவு புரியும்.

நேரில் போக இயலாதவர்களுக்கு

பயணம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை; இணையத்தில் பார்ப்பதையும் முறையோடு செய்யலாம். தேசியக் கலைக்கூடங்களின் தளத்தில் படத்தைத் திறந்ததும் முதலில் அதன் அளவைப் படித்து, அந்த அளவை வீட்டுச் சுவரில் நூலால் குறித்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரையில் எர்ட்லியின் கடலும் ஓர் உள்ளங்கை நீர்வண்ணமும் ஒரே அளவாகத் தெரியும். அந்த ஏமாற்றத்தை இந்தச் சிறு வேலை தடுத்துவிடும். பிறகு படத்தைப் பெரிதாக்கி, ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி முழுவதும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். பிரிட்டனின் பொதுத் தொகுப்புகளில் உள்ள எண்ணெய் ஓவியங்களையும் சிற்பங்களையும் ஒன்றுதிரட்டித் தரும் ஆர்ட் யூகே என்ற தளத்தில் அதே கலைஞரின் பெயரைத் தேடினால், கிளாஸ்கோ, அபர்தீன், டண்டீ போன்ற ஊர்களில் இருப்பவையும் சேர்ந்து வரும். எர்ட்லி இறந்தபோது முடிவுறாமல் நின்றுபோன "இரண்டு குழந்தைகள்" கிளாஸ்கோவில் இருப்பதையும், அதில் மிட்டாய்க் காகிதங்கள் ஒட்டப்பட்டிருப்பதையும் அப்படித்தான் எடின்பரோப் படங்களோடு சேர்த்துப் பார்க்க முடியும். நீர்வண்ணங்களும் பூத்தையல்களும் அந்தத் தளத்தில் முழுமையாகக் கிடைக்க மாட்டா; அவற்றுக்கு ஒவ்வொரு கலைக்கூடத்தின் சொந்தத் தளத்தையே நாட வேண்டும்.

ஆய்வு நோக்கத்தோடு நேரில் வருவோர், காட்சியில் இல்லாத வரைபடங்களையும் அச்சுப் படைப்புகளையும் பார்க்க முன்கூட்டி எழுதி அனுமதி கேட்கலாம். கேட்கும்போது கலைஞரின் இரு வடிவப் பெயரையும், படைப்பின் சேர்ப்பு எண்ணையும் (தொகுப்பில் சேர்க்கும்போது அதற்குத் தரப்பட்ட எண்) தளத்திலிருந்து எடுத்து எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் அனுப்பும் கடிதத்துக்குப் பதில் வருவதற்குக் கூடுதல் நாள் ஆகலாம்.